அவசரம்: எச்.ஐ.வி. பயம், மதுரையில் வெளியே தெரியாமல் எங்கே டெஸ்ட் எடுப்பது?

தூங்காத_மதுரக்காரன்:
அண்ணன்மார்களே, அவசரம். போன மாதம் ஒரு தப்பு நடந்துவிட்டது. அதிலிருந்து தொண்டை வலி, நாக்கில் வெள்ளையாகப் படிகிறது, கழுத்தில் கட்டி மாதிரி தட்டுப்படுகிறது, ராத்திரி வேர்த்துக் கொட்டுகிறது. நெட்டில் தேடினால் எல்லாமே அந்த நோயின் அறிகுறி என்றுதான் வருகிறது. டெஸ்ட் எடுத்தேன், நெகட்டிவ். ஆனால் மனசு நம்ப மாட்டேன் என்கிறது. ஆவணியில் நிச்சயம் வைத்திருக்கிறார்கள். எனக்கு இருக்குமா இருக்காதா? தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் மதுரையில் எங்கே போவது? சீக்கிரம் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
தம்பி, தப்பு என்றால் என்ன தப்பு? உடலுறவா, வேறா? ஆணுறை இருந்ததா? டெஸ்ட் எத்தனாவது நாள் எடுத்தீர்கள், என்ன டெஸ்ட்? இதெல்லாம் தெரியாமல் இருக்கும், இருக்காது என்று சொல்ல நான் என்ன கிளி ஜோசியமா பார்க்கிறேன்?

மேலூர்_மாப்ள:
அதே கேள்விதான். நாக்கைப் பற்றி நாலு வரி எழுதியவர் நடந்ததைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

குளிர்ச்சியே_மருந்து:
இது சுத்தமான உடல் சூடு. மதுரை வெயிலில் ராத்திரி ரெண்டு மணி வரை முழித்திருந்தால் நாக்கு வெளுக்கத்தான் செய்யும். சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளியுங்கள், காலையில் ஊறவைத்த வெந்தயம் சாப்பிடுங்கள். பரோட்டாவை நிறுத்துங்கள்.

அனுபவஸ்தன்:
தேடு பொத்தான் என்று ஒன்று மேலே இருக்கிறது, புதிதாக வருகிறவர்களுக்கு அது கண்ணில் படுவதே இல்லை. இதே கேள்விக்கு எத்தனை முறைதான் பதில் எழுதுவது? போகும்போது தைரியம், வந்த பிறகு அழுகை. "தப்பு" என்று எழுதக் கூச்சப்படும் ஆள் டாக்டரிடம் என்ன சொல்லப் போகிறார்?

தூங்காத_மதுரக்காரன்:
மன்னிக்கவும். நெட்டில் எழுதக் கூச்சமாக இருந்தது. முத்தம் கொடுத்தது, கையால் தொட்டது, அவ்வளவுதான். உடலுறவு இல்லை, வாய்வழியும் இல்லை. நடுவிலேயே பயந்து எழுந்து வந்துவிட்டேன். ஆனால் என் விரலில் நகக்கண் ஓரம் உரிந்திருந்தது, அதுதான் பயமே. மறுநாள் காலையிலேயே தொண்டை வலி தொடங்கிவிட்டது. அடுத்த வாரம் ஒரு லேபில் கார்டு டெஸ்ட் எடுத்தேன்.

ஆய்வகத்தான்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதிப் பேருக்கு எழுதும் வேலையே வந்திருக்காது. லேபில் வேலை பார்க்கிறேன், சொல்கிறேன்.

எச்சிலில் எச்.ஐ.வி. பரவாது. இரண்டு பேர் வாயிலும் ரத்தம் கசிந்துகொண்டிருந்தால் ஒழிய முத்தத்துக்கு அந்தப் பேச்சே இல்லை. நகக்கண் உரிந்த இடத்தில் தொட்டதெல்லாம் வழியாகாது. அந்தக் கிருமி உடம்புக்கு வெளியே வந்தால் சீக்கிரமே வீரியம் குறைந்துவிடும். உங்களுக்கு எச்.ஐ.வி. வர வழியே நடக்கவில்லை. நாக்கைப் பார்த்து நான் சொல்லவில்லை, நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

அப்புறம், அந்த நோயின் ஆரம்பக் காய்ச்சல் வருவதாக இருந்தால் 2 முதல் 4 வாரம் கழித்துதான் வரும். மறுநாள் காலையிலேயே வந்த தொண்டை வலிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு கேள்வி: கழுத்தை ஒரு நாளைக்கு எத்தனை முறை அமுக்கிப் பார்க்கிறீர்கள்?

தூங்காத_மதுரக்காரன்:
எண்ணவில்லை அண்ணே. பைக்கில் சிக்னலில் நின்றால்கூடக் கை கழுத்துக்குப் போகிறது. ராத்திரி பாத்ரூம் கண்ணாடியில் மொபைல் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்ப்பேன். நாக்கை வழித்து வழித்து நேற்று ரத்தமே வந்துவிட்டது.

ஆய்வகத்தான்:
அமுக்கினால் வலிக்கும், வீங்கும். பிறகு வீங்கியிருக்கிறதே என்று மறுபடியும் அமுக்குவீர்கள். கையை எடுங்கள் முதலில்.

திருமங்கலம்_பாண்டி:
முத்தத்தில் ஒன்றுமே வராது என்று சொல்லாதீர்கள். ஹெர்பிஸ் வரும். வாயில் புண் இருந்தால் சிபிலிஸ் என்ற பால்வினை நோய்கூட வரும்.

ஆய்வகத்தான்:
எச்.ஐ.வி. வராது என்றுதான் எழுதினேன். உதட்டு ஹெர்பிஸ் உண்மைதான், ஆனால் உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு அது ஏற்கெனவே இருக்கிறது. முக்கால்வாசிப் பேருக்குச் சின்ன வயதில் யாரோ கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்ததில் வந்தது. சிபிலிஸ் முத்தத்தில் வருவது அபூர்வம். மனசு ஆறவில்லை என்றால் 3 மாதம் முடிந்ததும் வி.டி.ஆர்.எல். என்ற சிபிலிஸ் ரத்த டெஸ்ட் ஒன்று எடுத்துக்கொள்ளலாம், விலை குறைவு. வந்தாலும் பென்சிலினில் குணமாகிற நோய் அது.

மேலூர்_மாப்ள:
டெஸ்ட் 45 நாளா, 90 நாளா? என் நண்பனுக்கு ஒரு டாக்டர் 45 என்றார், இன்னொருவர் 90 என்றார். என் கணக்கில் லேப்காரர்கள் ரெண்டு முறை காசு பார்க்கத்தான் இப்படிச் சொல்கிறார்கள்.

ஆய்வகத்தான்:
காசு பார்க்கிற லேபும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இங்கே ரெண்டும் சரி. நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் செய்யும் நான்காம் தலைமுறை டெஸ்ட் கிருமியின் துண்டு, அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் ரெண்டையும் தேடும், அதற்கு 45 நாள். எதிர்ப்பொருளை மட்டும் தேடும் கார்டு டெஸ்டுக்கு 90 நாள். இவர் ஒரே வாரத்தில் கார்டு எடுத்திருக்கிறார், அந்தக் காசை உண்டியலில் போட்டிருக்கலாம்.

வைகைக்கரை:
மாத்திரை ஏதாவது போட்டீர்களா தம்பி? அதையும் மறைத்து வைத்திருக்கிறீர்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

தூங்காத_மதுரக்காரன்:
மெடிக்கலில் தொண்டை வலி என்று சொல்லி அசித்ரோமைசின் வாங்கிப் போட்டேன். லாட்ஜில் வந்து உட்காரும் ஒரு வைத்தியரிடமும் போனேன். நாடி பார்த்துவிட்டு "நரம்பில் இறங்கிவிட்டது" என்று லேகியம் கொடுத்தார். விலை கேட்காதீர்கள்.

அனுபவஸ்தன்:
பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் படித்துவிட்டுப் போயிருப்பார். படித்த பிள்ளைகளே இப்படி இருந்தால் யாரைச் சொல்ல?

செல்லூர்க்காரி:
அனுபவஸ்தன் சார், பயத்தில் இருப்பவனை இப்படிக் குத்திக் காட்டுவதால்தான் அவன் டாக்டரிடம் போகாமல் லாட்ஜ் வைத்தியரிடம் போகிறான்.

தம்பி, நான் முன்பு ஆலோசகராக இருந்தவள். அந்த லேகியத்தையும் மாத்திரையையும் நிறுத்துங்கள். உண்மையிலேயே சிபிலிஸ் மாதிரித் தொற்று இருப்பவர்களுக்கு இப்படிப் போடும் ஆன்டிபயாடிக் நோயை அரைகுறையாக அமுக்கிவிடும், அவ்வளவுதான்.

டெஸ்ட் எடுத்தே ஆக வேண்டும் என்றால் நம்பிக்கை மையத்துக்குப் போங்கள், அரசாங்கத்தின் எச்.ஐ.வி. ஆலோசனை, டெஸ்ட் மையம் அது. பெரியாஸ்பத்திரியில் இருக்கிறது, பல அரசு மருத்துவமனைகளிலும் உண்டு. இலவசம். டெஸ்டுக்கு முன்னாலும் பின்னாலும் தனியாக உட்காரவைத்துப் பேசுவார்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் எடுக்கக்கூடாது, முடிவை வெளியே சொல்லக்கூடாது, 2017ஆம் ஆண்டு சட்டமே இருக்கிறது. முதல் கிட்டில் பாசிட்டிவ் காட்டினாலும் வேறு வேறு கிட்டில் பார்த்து, மொத்தம் மூன்றிலும் வந்தால்தான் பாசிட்டிவ் என்று சொல்வார்கள். பால்வினை நோய்களுக்குத் தனியாகச் சுகவாழ்வு மையமும் உண்டு. பக்கத்தில் எது என்று 1097க்குப் போன் செய்து கேட்டால் சொல்வார்கள், தமிழில் பேசலாம்.

தூங்காத_மதுரக்காரன்:
அக்கா, பெரியாஸ்பத்திரியில் என் சித்தப்பா வேலை பார்க்கிறார். கோரிப்பாளையம் பக்கம் போனாலே கை நடுங்குகிறது.

செல்லூர்க்காரி:
அப்படியென்றால் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று வேறு பக்கம் கேட்டுப் பாருங்கள். ஊர் மாறிப் போவது தப்பில்லை, நிறையப் பேர் அப்படித்தான் வருவார்கள்.

உசிலை_ராசு:
முத்தத்துக்குப் பயப்படும் தம்பி சலூனில் பிளேடு மாற்றச் சொல்கிறாரா? ஊரில் முக்கால்வாசி எச்.ஐ.வி. சலூனில்தான் பரவுகிறது. இதை எந்த டாக்டரும் சொல்ல மாட்டார்.

திருமங்கலம்_பாண்டி:
எங்கள் குடும்பத் தொழில் அது. இப்போதெல்லாம் பிளேடை ரெண்டாக உடைத்து ஆளுக்கு ஒரு புது அரை பிளேடு போடுகிறோம். ஒவ்வொரு தலைக்கும் நீங்கள் கண்ணாடியில் பார்க்கத்தான் போடுகிறோம். தெரியாமல் பேச வேண்டாம்.

உசிலை_ராசு:
டவுனில் போடுவீர்கள். எங்கள் ஊர்ப் பக்கம் வந்து பாருங்கள்.

ஆய்வகத்தான்:
முக்கால்வாசி சலூனில் என்பது கட்டுக்கதை. பெரும்பாலும் பாதுகாப்பில்லாத உடலுறவில்தான் பரவுகிறது. பழைய பிளேடில் பயப்பட வேண்டியது மஞ்சள் காமாலை பி, அதாவது ஹெபடைடிஸ் பி. அந்தக் கிருமி காய்ந்த ரத்தத்தில் 7 நாள்கூடத் தாக்குப்பிடிக்கும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, 3 ஊசி. நிச்சயத்துக்கு முன்னால் செய்யத்தக்க நல்ல காரியம் அதுதான் தம்பி. திருவிழாக் கடைத்தெருவில் ஒரே ஊசியில் வரிசையாகப் பச்சை குத்திக்கொள்கிறவர்கள் ஒருத்தரும் இங்கே வந்து அவசரம் என்று எழுதக் காணோம்.

உசிலை_ராசு:
பாட்டி கை முழுக்கப் பச்சை, தொண்ணூறு வயது இருந்தாள். என்ன ஆனது?

திருமங்கலம்_பாண்டி:
பாட்டிக்கு மட்டும் ஒன்றும் ஆகாது, சலூனுக்குப் போனவனுக்கு மட்டும் வந்துவிடுமா? நல்ல ஞாயம்.

வைகைக்கரை:
இழை எங்கேயோ போகிறது. தம்பி, டெஸ்ட் முடிந்த பிறகும் தூக்கம் வரவில்லை என்றால் 14416க்குப் பேசுங்கள், டெலிமானஸ், மனநல உதவிக்கான இலவச எண். நடந்தது ஒரு முத்தம். அதைவிடப் பெரிய பாரம் ஏதோ மனசில் இருக்கிற மாதிரி தெரிகிறது, நிச்சயத்தைப் பற்றியோ வேறு எதைப் பற்றியோ. அதை இங்கே எழுத வேண்டாம், அங்கே பேசுங்கள்.

குளிர்ச்சியே_மருந்து:
எண்ணெய்க் குளியல் எடுத்தாரா இல்லையா என்று யாரும் கேட்கவே இல்லை.

மேலூர்_மாப்ள:
ஆளையே காணோம். தம்பி, என்ன ஆனது?

தூங்காத_மதுரக்காரன்:
வேறு ஊரில் எடுத்தேன். நெகட்டிவ். அந்த அக்கா மாதிரியே ஒரு மேடம் நன்றாகப் பேசினார். இனி எடுக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார். எல்லோருக்கும் நன்றி.

ஆய்வகத்தான்:
நல்லது. எத்தனாவது நாள், கார்டா, நான்காம் தலைமுறையா? பின்னால் படிப்பவர்களுக்கு உதவும்.

செல்லூர்க்காரி:
தம்பி, அந்தத் தடுப்பூசியை மறந்துவிடாதீர்கள்.

அனுபவஸ்தன்:
பதில் வராது. காரியம் முடிந்ததும் போய்விடுவார்கள், பார்த்திருக்கிறேன். பொறுப்பாளர்கள் இழையைப் பூட்டலாம்.

உசிலை_ராசு:
பூட்டாதீர்கள். பிளேடு விஷயத்துக்குப் பாண்டி இன்னும் பதில் சொல்லவில்லை.