பத்தாவது நிமிடத்தில் மூச்சடைக்கும் பழைய படகு மோட்டார்: உங்களுக்கும் நேர்ந்திருந்தால் எழுதுங்கள்

கரைசேராதவன்

25 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். அப்பா வாங்கியது, என்னைவிட மூன்று வயதுதான் இளையது. கார்புரேட்டரை மூன்று முறை கழற்றிக் கழுவி மாட்டினேன். மூன்று முறையும் கரையோரத்தில் பட்டுப்போல ஓடியது. நடுவே போனதும், பத்தாவது நிமிடத்தில் சுருதி இறங்கும், இரண்டு விக்கல், அப்புறம் அமைதி. சற்றுப் பொறுத்து ஸ்டார்ட் கயிற்றை இழுத்தால் மறுபடி ஓடும். அதனால் சூடுதான் காரணம் என்று முடிவு கட்டினேன். புது ப்ளக் போட்டேன். பொறிக்கு மின்சாரம் தரும் காயிலைத் திட்டினேன். விற்றுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அன்று மச்சானும் படகில் இருந்தார். கயிற்றை இழுத்து இழுத்து என் உள்ளங்கை எரிந்தது. பெட்ரோல் ஹோஸில் இருக்கும், கையால் அமுக்கிப் பெட்ரோல் ஏற்றும் ரப்பர் பல்பைப் பிடித்தேன். இரண்டு பக்கமும் ஒட்டிச் சப்பையாகக் கிடந்தது. விரலை எடுத்தும் உப்பவில்லை. அதைப் பார்த்த பிறகும் எனக்கு உறைக்கவில்லை என்பதுதான் வெட்கம். மச்சான்தான் டேங்க் மூடியின் மேலிருந்த சின்னத் திருகைக் காட்டி, "இது எதற்கு மாப்பிள்ளை?" என்று கேட்டார். அரைச் சுற்றுத் திருப்பினேன். உஸ்ஸென்று டேங்க் காற்றை உள்ளிழுத்தது. பல்ப் என் கைக்குள்ளேயே மெல்ல உப்பியது, தூக்கத்திலிருந்து எழுகிற பிராணி போல.

காரில் பெட்ரோல் வாடை அடிக்கக்கூடாது என்று அதை இறுக்கி மூடியவன் நான்தான். அப்பா அந்த மூடியைத் தொடாமல் கயிற்றைத் தொட்டதே இல்லை. சிறுவயது முழுக்க அதைப் பார்த்திருக்கிறேன். ஏதோ சாமி கும்பிடுவது போன்ற பழக்கம் என்றே நினைத்திருந்தேன்.

தகரமூடி

என்னுடையது மேல் கவரைக் கழற்றினால் ஓடும், மாட்டினால் தள்ளாடும். கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஒருவர் காயிலை மாற்றச் சொன்னார், மாற்றினேன். இன்னொருவர் ஃப்யூயல் பம்பின் டயாப்ரத்தை (உள்ளிருக்கும் மெல்லிய சவ்வு) மாற்றச் சொன்னார், அதையும் மாற்றினேன். இரண்டு வருடம் கவரைப் படகின் தரையில் போட்டுவிட்டே ஓட்டினேன்.

ஒருநாள் இருட்டும் நேரத்தில் கவரை ஒரு சாண் மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே டார்ச் அடித்தேன். எக்ஸாஸ்ட் மூடித் தகட்டின் இணைப்பிலிருந்து நீல நூல் போலப் புகை கசிந்து, வளைந்து, நேராகக் கார்புரேட்டரின் வாய்க்குள் போனது. தன் புகையைத் தானே குடித்துக்கொண்டிருந்தது! கேஸ்கெட் மாற்றியதும் சரியாகிவிட்டது. துருப்பிடித்த போல்ட்டுகளில் இரண்டு தலை முறிந்த கதையை இங்கே சொல்லி யாரையும் அழவைக்க விரும்பவில்லை.

ஸ்பானர் கை

கரைசேராதவன், கோபித்துக்கொள்ள வேண்டாம். காற்றுத் திருகைப் பார்க்காமல் கார்புரேட்டரை மூன்று முறை கழற்றியது, செருப்பைத் தேடி வீட்டு ஓட்டைப் பிரித்த கதை. சப்பையான பல்பைப் பார்த்ததுமே தெரிந்திருக்க வேண்டும். பல்ப் சப்பையானால் அடைப்பு டேங்குக்கும் பல்புக்கும் இடையில். பல்ப் கல் போல இறுகியிருந்தும் எஞ்சின் பட்டினி கிடந்தால் அடைப்பு பல்புக்கு மேலே. அமுக்கிக்கொண்டே இருந்தால்தான் ஓடுகிறது என்றால் பம்பின் டயாப்ரம். சோக்கை இழுத்தால்தான் ஓடுகிறது என்றால் கார்புரேட்டரின் ஜெட் துளையில் அடைப்பு, அல்லது எங்கோ காற்றுக் கசிவு. இவ்வளவுதான் விஷயம்.

ஆனால் இதற்கெல்லாம் முன்பு கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்க்க வேண்டும். யாரும் பார்ப்பதில்லை. இரண்டு ப்ளக்கையும் கழற்றி, அவற்றின் வயர்களை எஞ்சின் உடலோடு சேர்த்துவிட்டு, த்ராட்டிலை முழுவதும் திறந்து, ப்ளக் துளையில் மாட்டிய அழுத்த மீட்டரின் முள் இனி மேலே ஏறாது என்னும் வரை கயிற்றை இழுங்கள். எண் எவ்வளவு என்பது அப்புறம். இரண்டு சிலிண்டருக்கும் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இல்லையென்றால் கார்புரேட்டரைப் பன்னீரில் கழுவினாலும் பயனில்லை. அடுத்து ஸ்பார்க்: பாயின்ட் (பொறியைத் தூண்டும் தொடுமுனை) வைத்த பழைய மோட்டாரில் பொறி கால் அங்குல இடைவெளியையாவது தாண்ட வேண்டும். ப்ளக்கைச் சிலிண்டர் தலையில் சாய்த்து வைத்துப் பொறி தெரிகிறது என்று திருப்திப்படுவது ஏமாற்று வேலை. பிறகு எரிபொருள்: டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஒரு மணி நேரம் வையுங்கள், தண்ணீர் இருந்தால் கீழே தங்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ஹோஸின் உள்தோலை உரித்துவிடும். வெளியே பளபளப்பாகவே இருக்கும். வேகம் கூட்டும்போது அந்தத் தோல் உள்ளே மடங்கிக் கதவு போல மூடிக்கொள்ளும். இதையெல்லாம் கரையில் செய்யும்போது தண்ணீர் இணைக்காமல் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள், குளிர்விக்கும் தண்ணீரை ஏற்றும் இம்பெல்லரின் ரப்பர் கருகிவிடும்.

ஒரு பழுதைக் கண்டுபிடித்தோம் என்று அங்கேயே நிற்காதீர்கள். பழைய மோட்டாரில் பழுதுகள் ஜோடியாகத்தான் குடியிருக்கும்.

என் அனுபவம்: ஃபிளைவீலைத் தண்டோடு பூட்டும் சாவித் துண்டு பாதி வெட்டுப்பட்டு, பொறி விழும் டைமிங் விலகியிருந்தது. மாற்றினேன். சரியாகிவிட்டது.

அலைமகள்

ஸ்பானர் கை ஐயா, உங்கள் வரிசையை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். கம்ப்ரெஷன் சரி, ஸ்பார்க் சரி, பெட்ரோல் புதிது. நீங்கள் சொல்வதெல்லாம் ஆறிக் கிடக்கும் மோட்டாருக்கு. என்னுடையது சூடானால்தான் சுயரூபம் காட்டும்.

4 குதிரைத்திறன், ஒற்றைச் சிலிண்டர். மகளும் நானும் மட்டும். இருபது நிமிடம் ஓடியது, சுவிட்சை அணைத்தது போல நின்றது. விக்கல் இல்லை, தடுமாற்றம் இல்லை. அதுவே ஒரு குறிப்பு என்று இப்போது தெரிகிறது: பெட்ரோல் பஞ்சம் என்றால் முனகிக்கொண்டே சாகும், மின்சாரம் போனால் பட்டென்று நிற்கும். அரை மணி நேரம் நீரோட்டத்தில் மிதந்தோம். பிறகு முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. மறுபடியும் இருபது நிமிடம். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. கைக்கடிகாரத்தைப் பார்த்து, "அம்மா, இன்னும் நாலு நிமிடம்தான்" என்றாள். நான் அதட்டினேன். சரியாக நாலாவது நிமிடம் நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை, துடுப்பை எடுத்து என்னிடம் நீட்டினாள். அந்தக் கை நீட்டல்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது. மூன்று தவணையில் வீடு வந்து சேர்ந்தோம்.

காயிலை மேசையில் வைத்து அளந்தால் மீட்டர் சரியான எண்ணைத்தான் காட்டியது. தலைமுடி உலர்த்தும் கருவியால் ஐந்து நிமிடம் சூடேற்றினேன். மீட்டரில் இணைப்பே அறுந்துபோனது. ஆறியதும் திரும்பி வந்தது.

நீலப்புகை

ஆயில் பற்றி யாரும் எழுதவில்லையே. என்னுடையது 1950-களின் மோட்டார். மூடியில் 24:1 என்ற எழுத்து அழியாமல் இருந்தது. அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 42 மில்லி ஆயில். விவரம் தெரிந்தவர் ஒருவர், "இன்றைய ஆயில் எவ்வளவோ மேல், 50:1 தாராளம், 20 மில்லி போதும்" என்றார். கேட்டேன். புகை குறைந்தது, ப்ளக் சுத்தமானது, அவரைக் கொண்டாடினேன்.

ஒரு மாலை முழு வேகத்தில் வரும்போது யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தது போல மோட்டார் இறுகியது. கீச்சென்று ஒரு சத்தம், நின்றுவிட்டது. ஆறிய பிறகு கயிறு சுற்றியது, ஆனால் மணலை அரைப்பது போல. தலையைக் கழற்றிப் பார்த்தால் சிலிண்டர் சுவரில் வெள்ளிக் கோடுகள். பிஸ்டனின் அலுமினியம் உருகி ஒட்டியது. இன்றும் ஓடுகிறது, ஆனால் மெதுவாக ஓட மறுக்கிறது. வேகத்தைக் குறைத்தால் நின்றுவிடும்.

ஸ்பானர் கை

ஆயிலைக் குறை சொல்லாதீர்கள். 1960-களின் நடுவிலிருந்து பல மோட்டார்களில் நீடில் பேரிங் (ஊசி போன்ற உருளைகள் கொண்டது) வந்தது, 50:1 அவற்றுக்குத்தான். உங்களுடையதில் புஷ் (வெறும் உலோக வளையம்) இருக்கும், அதற்குக் கூடுதல் ஆயில் வேண்டும். படகு டூ ஸ்ட்ரோக்குக்கான தரமான டி.சி.-டபிள்யூ.3 ஆயில் ஊற்றினாலும் அளவை அது மாற்றாது.

நீலப்புகை

அதைத்தானே ஐயா நானும் எழுதியிருக்கிறேன்?

மண்புழு

என் கதை சின்னது. மோட்டாரைக் குளிர்வித்துவிட்டுப் பக்கவாட்டுத் துளையில் பீய்ச்ச வேண்டிய தண்ணீர் வரவில்லை. இம்பெல்லர் போய்விட்டது என்று ப்ரொப்பெல்லர் இருக்கும் கீழ்ப்பெட்டியைக் கழற்றினேன். இம்பெல்லர் புத்தம் புதிதாக என்னைப் பார்த்துச் சிரித்தது. பேரன் ஒரு மெல்லிய கம்பியை அந்தத் துளைக்குள் விட்டான். மண் உதிர்ந்தது, பின்னாலேயே ஒரு குளவிப் புழு. கீழ்ப்பெட்டியை மறுபடி மாட்ட எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிடித்தது. பேரன் அந்தப் புழுவைத் தீப்பெட்டியில் வைத்துத் தெருவுக்கே காட்டினான்.

கரைசேராதவன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். திருகு திறந்திருந்தும் சென்ற ஞாயிறு மறுபடி நின்றுவிட்டது, இந்த முறை நாற்பதாவது நிமிடத்தில். பல்ப் மறுபடி சப்பை. ஸ்பானர் கை எழுதிய அந்த ஜோடிக் கணக்கு எரிச்சலோடு நினைவுக்கு வந்தது. டேங்கைக் காலி செய்து உறிஞ்சு குழாயை வெளியே எடுத்தேன். நுனியில் இருக்கும் சல்லடை முழுக்கத் துருச் செதில், மீன் செதிலை அப்பியது போல. இப்போது இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓடிவிட்டது. கம்ப்ரெஷனும் பார்த்தேன், இரண்டும் சமம்.

அப்பாவிடம் போனில் சொன்னேன். "திருகைத் திறக்காமலா இழுத்தாய்?" என்றார். சல்லடையைப் பற்றிச் சொல்லத் தொடங்குவதற்குள், அம்மாவைக் கூப்பிட்டு அந்த முதல் பாதியைச் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

மெதுவாக ஓடும்போது மட்டும் கார்புரேட்டர் வழியே ஒரு தும்மல் வருகிறது. நானே பார்த்துக்கொள்கிறேன்.

ஸ்பானர் கை

தும்மல் என்றால் பெட்ரோல் குறைவு. கார்புரேட்டரில் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் மெதுவேக ஊசியை அடிவரை மென்மையாக இறுக்கி, ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு எட்டில் ஒரு சுற்றாகத் திருப்பிச் சரிசெய்யுங்கள்.