புதுப்பிப்பு: எம்.எஸ்சி.க்குப் பிறகு பி.எட்.

எம்.எஸ்சி. கணிதம் முடித்தவள் இரண்டு வருட பி.எட். சேரலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். சேர்ந்து முடித்துவிட்டேன், ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு ஆசிரியர்களுக்கான இரண்டாம் தாளும் தேறிவிட்டேன். தைரியம் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கற்பித்தல் பயிற்சிக்காகவே சேரலாம். ஏழாம் வகுப்பில் ஒரு பெண் 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டி 2/5 என்று எழுதியிருந்தாள். தாளை மடித்துப் பார்க்கச் சொன்னேன். "மிஸ், அரையை விடக் குறைஞ்சிடுச்சே!" என்று அவளே அடித்துத் திருத்தினாள். அந்த முகம் போதும் எனக்கு.

டெட் இரண்டாம் தாள் எழுதும் கணித, அறிவியல் ஆசிரியர்களுக்கு: 150 மதிப்பெண்ணில் கணிதம், அறிவியல் இரண்டுக்கும் சேர்த்து 60தான். குழந்தை மேம்பாடு, தமிழ், ஆங்கிலம் தலா 30. அதில் கோட்டை விடாதீர்கள். சான்றிதழ் இப்போது ஆயுள் முழுக்கச் செல்லும்.

அடுத்து முதுகலை ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கிறேன். அதில் தமிழ்த் தகுதித் தாளில் 50க்கு 20 எடுத்தால்தான் பாடத் தாளையே திருத்துவார்கள்.