தூரிகை எழுத்தா, தைகோ முரசா?

ஏற்காடு ஆசிரியை:
மலைக்கிராமப் பிள்ளைகளையும் சேலம் நகரப் பிள்ளைகளையும் ஒன்றாகப் பழக வைக்க, ஜப்பானியக் கலை ஒன்றைக் கோடை விடுமுறையில் பயிற்றுவிக்க விரும்புகிறேன். எது பொருந்தும்?

அஸ்தம்பட்டி வாசகர்:
தைகோதான், அம்மா. பல முரசுகளைச் சேர்த்து முழக்கும் இன்றைய குழுமுறையை 1951-இல் நாகானோ பகுதியில் ஜாஸ் கலைஞர் தைஹாச்சி ஒகுச்சி உருவாக்கினார். ஷிமே-தைகோ என்னும் சிறிய முரசு காலப்பிரமாணத்தைக் காக்க, பெரிய முரசு அதன்மேல் முழங்குவதால், பக்கத்திலிருப்பவரைக் கவனிக்காமல் எவரும் வாசிக்க இயலாது. நம் பறைக் கலைஞர்களையும் அவசியம் அழையுங்கள்.

ஓமலூர் வாசகி:
தூரிகை எழுத்தை விட்டுவிடாதீர்கள். காகிதத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஷிகோகுசூவோ நகரில் 2008 முதல் பள்ளி மாணவர்கள் இசைக்கேற்பக் குழுவாக நகர்ந்து, தரையில் விரித்த பெருந்தாளில் எழுதிப் போட்டியிடுகிறார்கள். மைத்தூரிகை இழுத்த கோட்டை அழிக்க வழியில்லை. அடுத்தவர் விட்ட இடத்தைப் பார்த்தே தம் எழுத்தை அமைக்கிறார்கள்.

ஏற்காடு ஆசிரியை:
மிக்க நன்றி. முரசொலிக்கு ஏற்பப் பிள்ளைகளைத் தமிழிலேயே எழுத வைக்கிறேன்.