புதுப்பிப்பு: பெகு வயல்வரப்பில் கிடைத்தது இருதலைப் பாம்பு அன்று

பர்மாவின் பெகு நகருக்கு அருகில் எங்கள் சித்தப்பாவின் நெல்வயல் வரப்பை வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்த, பக்கவாட்டில் மஞ்சள் கோடு ஓடிய கரும்பழுப்பு உயிரியை 'இருதலைப் பாம்பு' என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன்; அது தவறு.

அது சிசிலியன் எனப்படும் காலற்ற நீர்நிலவாழ்வி. பாம்பைவிடத் தவளைக்கே நெருங்கிய உறவு. படங்களை மீண்டும் பெரிதாக்கிப் பார்த்தபோது, உடலெங்கும் நெருக்கமான வளையப் பள்ளங்களும், தோலின் அடியில் மங்கலாகத் தெரியும் கண்ணும், கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் இடையே மோப்பத்துக்குப் பயன்படும் சிறு உணர்கொம்பின் துளையும் புலப்பட்டன. இருதலைப் பாம்பின் தோல் உலர்ந்திருக்கும். இதுவோ கையில் வழுக்கியது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பர்மாவில் இக்தியோஃபிஸ் பேரினத்தைச் சேர்ந்தவை வாழ்கின்றன; அவற்றுள் இக்தியோஃபிஸ் மல்டிகலர் என்ற கோடுள்ள இனம் 2014இல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. கோட்டை மட்டும் வைத்து இனத்தைச் சொல்லிவிட முடியாது என்பதால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். இப்பேரினத்தில் தாய், நீர்நிலைக்கு அருகே ஈரமண் வளைக்குள் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு காவல் இருக்கும். பொரிந்த குஞ்சுகள் நீரில் வளர்ந்த பின்னரே மண்ணுக்குத் திரும்பும்.

"விஷம் உண்டா, அடித்துவிடலாமா?" என்று கேட்டிருந்தவர்களுக்கு: அது மண்புழுவையும் கறையானையும் தின்னும் பிராணி, மனிதரைத் தேடிவந்து கடிப்பதில்லை. சித்தப்பா அதை வாய்க்கால் ஓரத்து ஈரமண்ணில் விட்டுவிட்டார்.