ஈஆர் (ஈஸ்ட்ரஜன் ஏற்பி) 0, பக்கத்தில் உள்ள சாதாரண பால்நாளமும் நிறம் பிடிக்கவில்லை: நெகட்டிவ் எண்டு எழுதலாமா?

கல்முனை_லேப்:
மார்புக் கட்டி, அறுவை மாதிரி. நிறமேற்றிப் பார்த்ததில் ஈஆர், பீஆர் (புரொஜெஸ்டரோன் ஏற்பி) இரண்டும் 0, ஹெர்2 (மூன்றாவதாகப் பார்க்கும் புரதம்) 1+, அதாவது நெகட்டிவ். கட்டியை ஒட்டிய சாதாரண பால்நாளத்தில் ஒரு கருகூடப் பழுப்பாகல்ல. கொன்ட்ரோல் சிலைட் (ஈஆர் இருக்குதெண்டு முன்பே தெரிந்த இழையம்) நல்லா வந்திருக்கு. ட்ரிபிள் நெகட்டிவ் (மூன்றும் நெகட்டிவ்) எண்டு குடுக்கலாமா, இல்லாட்டி வேற பிறபொருளெதிரி (புரதத்தைத் தேடி ஒட்டும் அன்டிபொடி) போட்டுப் பார்க்கவா?

மட்டுநகர்_நோயியல்:
குடுக்காதீங்க. கொன்ட்ரோல் சிலைட் வேறு ஆளின் இழையம், வேறு போமலினில் (இழையத்தைப் பதப்படுத்தும் திரவம்) ஊறியது. பிறபொருளெதிரி வேலை செய்யுது எண்டு மட்டும்தான் அது காட்டும். உங்கட பிளொக்குக்கு, அதாவது மெழுகில் பதித்த இழையத்துக்கு, சாட்சி அந்த நாளம்தான். சாதாரண நாளத்தில் அங்கொன்று இங்கொன்றாகவாவது ஈஆர் கரு இருக்க வேணும். அதுவும் இல்லையெண்டால் முடிவு "தீர்மானிக்க முடியவில்லை".

தியேட்டர் நேரங்களைக் கேளுங்க. வெட்டி எடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள் 10 வீத நடுநிலைப் போமலினுக்குள் போனதா? மொத்த ஊறல் 6 முதல் 72 மணித்தியாலம். வெள்ளி பின்னேரம் முழுக்கட்டியை வெட்டாமல் சின்னப் போத்தலில் திணித்து அனுப்பினால், திங்கள் திறக்கும்போது ஓரம் இறுகி நடு அழுகியிருக்கும். போமலின் இழையத்தைப் போலக் குறைந்தது பத்து மடங்கு வேணும். ஓரங்களுக்கு மை பூசிய பிறகு 5 மி.மீ. துண்டுகளாகப் பிளக்க வேணும்.

சிலைட்_பெட்டி:
ஊசி பயொப்சி எடுத்திருந்தால் அந்தப் பிளொக்கில் ஈஆர் ஓட்டுங்க, மெல்லிசு என்றபடியால் நல்லா ஊறியிருக்கும். அது இல்லாட்டி கட்டியின் ஓரத்துப் பிளொக். வெட்டி ஆறு கிழமை தாண்டிய சிலைட் வேண்டாம். ஆன்டிஜன் மீட்புக்கு (போமலின் மறைத்த புரதத்தைத் திறக்க) பிஎச் 9 பஃபர், 95–98 பாகை, 20 நிமிடம். நடுவில் சிலைட் காயக்கூடாது. ஹெர்2 1+ ஐயும் நம்பாதீங்க, அதுவும் அதே பிளொக்தானே.

கல்முனை_லேப்:
ஊசி பிளொக் கிடக்கு, ஆனா அதில் சாதாரண நாளமே இல்லை.

மட்டுநகர்_நோயியல்:
பரவாயில்லை. கொன்ட்ரோல் இழையத்தை அதே சிலைட்டில் ஒட்டி ஓட்டுங்க. 1 வீதக் கரு பிடித்தாலே பொசிட்டிவ்; 1–10 வீதமென்றால் "குறைந்த பொசிட்டிவ்" எண்டு தனியா எழுதுங்க. திரும்பவும் 0 வந்தால், உள்ளகக் கொன்ட்ரோல் (அதே பிளொக்கில் சாதாரண நாளம்) இல்லை என்ற குறிப்போடு குடுங்க.

சிலைட்_பெட்டி:
அப்படி 0 வந்து, நாளத்துக்குள் புற்று எங்கேயும் தெரியாட்டி, கட்டி மார்பில் தொடங்கினதா எண்டும் பாருங்க. மார்பைக் காட்டும் அடையாளப் புரதங்களில் காட்டா3 சிறுநீர்ப்பைப் புற்றிலும் பிடிக்கும், சொக்ஸ்10 மெலனோமாவிலும் (தோல் நிறமிப் புற்று) பிடிக்கும். டிஆர்பிஎஸ்1 ஐயும் சேர்த்துப் போடுங்க. மம்மகுளோபின் ட்ரிபிள் நெகட்டிவ் வகையில் பெரும்பாலும் கைவிட்டுரும்.