ஓடையில் வெள்ளத் தடுப்புச் சுவர்: பக்கத்துக் கிணறுகளை எப்படிக் காப்பாற்றுவது?

கரைமேடு கேட்டது:

வணக்கம்ங்க. சேலம் கன்னங்குறிச்சிப் பக்கம் சேர்வராயன் மலையிலிருந்து இறங்குகிற ஓடையில் இரு கரைக்கும் கான்கிரீட் சுவர் கட்டப் போகிறார்கள். அஸ்திவாரம் ஓடைத் தரைக்குக் கீழே 2.5 மீட்டர் இறங்குகிறது. ஓடைத் தரைக்கும் கான்கிரீட் போடுவதாகப் பேச்சு. கரையிலிருந்து 15 மீட்டரில் 4 மீட்டர் விட்டமுள்ள வெட்டுக்கிணறு, 40 மீட்டரில் ஒரு ஆழ்துளைக் கிணறு (போர்). கிணற்று நீர்மட்டம் ஓடைத் தரையைவிட 1 மீட்டர்தான் கீழே. 12 குடும்பம் குடிக்கிற தண்ணீர் இது. வேலை தொடங்கும் முன் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்?

ஊத்துக்கண் பதில்:

சேலத்துப் பக்கம் அடியில் கடினப்பாறை. அதற்கு மேலே இருக்கிற சுக்கான் (சிதைந்த பாறை) அடுக்கிலும் பாறை வெடிப்பிலும்தான் தண்ணீர் நிற்கும். உங்கள் வெட்டுக்கிணறு பெரும்பாலும் அந்தச் சுக்கான் அடுக்கை நம்பித்தான் இருக்கும். 2.5 மீட்டர் பள்ளம் என்றால் கிணற்று நீர்மட்டத்துக்கும் 1.5 மீட்டர் கீழே போகிறது. பள்ளத்தில் மோட்டார் போட்டு இறைத்தால் கிணற்று ஊத்து பள்ளத்தை நோக்கித் திரும்பிவிடும்.

எல்லாரும் இதற்குத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் இறைப்பை நிறுத்தினால் மட்டம் பெரும்பாலும் மேலேறிவிடும். நிரந்தரக் கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. சுவருக்கு அடியிலும் பின்னாலும் ஜல்லி கொட்டுவார்கள். மலையடிவாரச் சரிவில் அந்த ஜல்லி முழு நீளத்துக்கும் தொடர்ந்து ஓடினால் அதுவே ஒரு வடிகால். வேலை முடிந்த பிறகும் நிலத்தடி நீரைக் கீழ்ப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் போகிற வழி வெளியே தெரியாததால் மழை குறைவு என்று சொல்லிக் கைகழுவி விடுவார்கள்.

அதனால் வரைபடத்திலேயே இதைச் சேர்க்கச் சொல்லுங்கள்: 15 முதல் 20 மீட்டருக்கு ஒரு இடத்தில் ஜல்லியை நிறுத்தி, பள்ளத்தின் முழு அகலத்துக்கும் ஒரு மீட்டர் தடிமனில் களிமண் இடித்து நிரப்ப வேண்டும், அல்லது சிமெண்ட் குறைவாகச் சேர்த்த கான்கிரீட்டில் (லீன் கான்கிரீட்) தடுப்பு போட வேண்டும். பழைய ஓடைத் தரை மட்டத்தையும் ஆழப்படுத்தக் கூடாது. தரை ஒரு மீட்டர் இறங்கினால் கரையோர நீர்மட்டமும் கூடவே இறங்கும்.

ஓடைத் தரைக்குக் கான்கிரீட் போடுவதை நான் எதிர்க்கிறேன். மணல் தரைதான் கிணற்றுக்கு ஊட்டம். அரிப்பைத் தடுக்கத்தான் என்றால் கம்பி வலைக்கூடையில் கல் அடுக்கினாலே போதும்.

சைட்_இன்ஜி பதில்:

ஜல்லி விஷயம் சரிங்க. ஓடைத் தரை விஷயத்தில் ஒரு திருத்தம். அந்த ஓடையில் சாக்கடை கலக்கிறதா என்று முதலில் பாருங்கள். திருமணிமுத்தாறு நகருக்குள் வரும்போது கழிவும் சாயத் தண்ணீரும் சேர்ந்த கதை எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட தண்ணீர் ஓடுகிற இடத்தில் தரையைத் திறந்து விட்டால் கிணற்றுக்குக் கழிவைத்தான் ஊட்டுகிறோம். சாக்கடையைத் தனிக்குழாயில் திருப்பிய பிறகு தரையைத் திறந்து விடலாம். அதுவரை கிணற்றுக்கு நேரே மட்டும் மூடுவது நல்லது.

களத்தில் கவனிக்க வேண்டியவை. பள்ளத்தை ஒரேயடியாகத் தோண்டக் கூடாது. 20 மீட்டர் தோண்டி, கான்கிரீட் போட்டு, மண் நிரப்பிய பிறகே அடுத்த 20. சனவரி முதல் மே வரை செய்தால் இறைக்க வேண்டிய தண்ணீரும் குறைவு. இறைத்த தண்ணீர் சேறாக இருக்கும். அதைக் கிணற்றிலோ போரிலோ விடவே கூடாது, ஊத்துக்கண் அடைத்துவிடும். மோட்டார் நிமிடத்துக்கு 300 லிட்டர் தள்ளினால், அரை மணி நேரம் தங்கிச் சேறு படிய 9,000 லிட்டர் தொட்டி வேண்டும். 3 மீட்டருக்கு 2 மீட்டர், ஆழம் 1.5. வண்டல் பாதி ஏறியதும் அள்ளிவிட வேண்டும்.

மிக்சர் கழுவிய தண்ணீரின் பி.எச். (அமில-கார அளவு) 12ஐத் தாண்டும். தார்ப்பாய் விரித்த குழியில் மட்டும் கழுவ வேண்டும், கிணற்றிலிருந்து 30 மீட்டராவது தள்ளி. 200 லிட்டர் டீசல் பேரலுக்கு அடியில் 220 லிட்டர் கொள்ளும் தட்டு இருக்க வேண்டும். பாறை வந்தால் வெடி வேண்டாம் என்று எழுதி வாங்குங்கள். பிரேக்கர் போதும். வெடி அதிர்வில் பழைய கல்கட்டுக் கிணறு விரிசல் விட வாய்ப்பு அதிகம்.

கரைமேடு:

மேல்பக்கம் ஒரு குடியிருப்புச் சாக்கடை கலக்குதுங்க. மட்டம் இறங்கினால் அது கட்டுமானத்தால்தான் என்று எப்படி நிரூபிப்பது?

ஊத்துக்கண்:

ஒப்பிட ஒரு கிணறு வேண்டும். ஓடையிலிருந்து 300 மீட்டராவது விலகிய, அதே மாதிரி ஆழமும் இறைப்பும் உள்ள கிணற்றைத் தேர்ந்தெடுங்கள். வேலைக்கு ஒரு மாதம் முன்பிருந்தே இரண்டிலும் காலையில் மோட்டார் போடும் முன் டேப் விட்டு அளந்து எழுதுங்கள். கிணற்றுச் சுவரில் பெயிண்டால் ஒரு குறி, எப்போதும் அந்தக் குறியிலிருந்தே அளவு. கோடையில் இரண்டும் சேர்ந்து இறங்கும். உங்களுடையது மட்டும் கூடுதலாக ஒரு மீட்டர் இறங்கினால் இறைப்பைக் குறைக்க வேண்டும், லாரித் தண்ணீர் தர வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். கிணற்றுக் கட்டைத் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். வரைபடம் தரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுங்கள்.

நீர்_ஆய்வகம் பதில்:

மட்டத்தோடு தரத்தையும் முன்பே சோதித்து வையுங்கள். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுக்கலாம். பி.எச். 6.5 முதல் 8.5, நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்குள், 100 மில்லியில் ஈ கோலி (மலக்கழிவிலிருந்து வரும் பாக்டீரியா) அறவே இருக்கக் கூடாது. நைட்ரேட்டும் ஈ கோலியும் சேர்ந்து ஏறினால் சாக்கடையைச் சந்தேகப்படுங்கள். பி.எச். திடீரென ஏறினால் சிமெண்ட் தண்ணீர்.

கைப்பிடிச் சுவரும் போர் கேசிங் குழாயும் பழைய வெள்ளக் கோட்டுக்கு மேல் 60 செ.மீ. நிற்கட்டும். அப்படியும் வெள்ளம் புகுந்தால் உடனே கிணற்றை வற்ற இறைக்காதீர்கள். சுற்றிலும் மண் ஊறியிருக்கும்போது உள்ளே காலியானால் கட்டு சரிந்து விழும். கொஞ்சம் கொஞ்சமாக இறைத்துத் தெளிந்த பிறகே பிளீச்சிங் பவுடர்.

4 மீட்டர் விட்டம், 3 மீட்டர் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 37,700 லிட்டர். 25 சதவீத பவுடர் 1,000 லிட்டருக்கு 200 கிராம் வீதம் 7.5 கிலோ. டிரம்மில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேல்தெளிவை மட்டும் ஊற்றிக் கலக்குங்கள். பவுடரை நேராகக் கொட்டினால் அடியில் சுண்ணாம்பு படிந்துவிடும். 24 மணி நேரம் யாரும் எடுக்கக் கூடாது. பிறகு வாடை போகும்வரை இறைத்து, ஒரு வாரம் கழித்து ஈ கோலி சோதனை. முடிவு வரும்வரை குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சியே குடியுங்கள்.