புதுப்பிப்பு: மகள் கல்யாணத்தில் கேமராவை எடுத்தேனா?

நாகர்கோவிலில் மகள் கல்யாணம், அப்பாவான நானே படம் எடுக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். 'தாலி கட்டும்போது கேமராவைத் தொடாதீர்கள்' என்றீர்கள் பலரும். சரி என்று மேடையை ஸ்டூடியோக்காரர்களிடமே விட்டுவிட்டேன்.

நான் எடுத்ததில் முக்கால்வாசி விடியற்காலையில், வீட்டில்தான். வெளிச்சம் குறைவு என்பதால் 50 எம்எம் லென்ஸை அகலமாகத் திறந்து (எஃப் 1.8), ஒளியுணர்திறனைக் கூட்டி (ஐஎஸ்ஓ 3200) எடுத்தேன்; ஃபிளாஷ் கிடையாது. தோவாளைப் பூச்சந்தையில் வாங்கிய பிச்சிப்பூவைக் கல்யாணப் பெண்ணான தன் பேத்தியின் தலையில் என் அம்மா வைத்துக்கொண்டிருந்தார். பல்லிடுக்கில் ஒரு ஹேர்பின், விரல்களில் லேசான நடுக்கம். ஷட்டரை 1/200 வினாடிக்கு வைத்திருந்ததால் அந்த விரல்கள் கலங்காமல் விழுந்தன. இந்த ஒரு படம் போதும் எனக்கு.

அப்புறம் பந்தியில், பிரதமன் பாயசத்தில் பழத்தையும் பப்படத்தையும் பிசைந்துகொண்டிருந்த மச்சானை எடுத்தேன்.

தாலி ஏறியதும் மகள் என்னைத்தான் திரும்பிப் பார்த்தாள். நல்லவேளை, என் கண் முன்னால் கேமரா இல்லை.